கட்டும் தொகை குறையக் கூடாது: அன்றாடச் செலவைச் சீர்செய்து கடனை அடைக்கும் வழி

ஒருவருக்கு 1,00,000 கடன் இருக்கிறது, மாத வட்டி 3 விழுக்காடு, வட்டியும் சேர்ந்த பாக்கியில் மாதந்தோறும் 5 விழுக்காட்டைக் கட்டினால் போதும் என்பது ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 3,000 வட்டி சேர்ந்து பாக்கி 1,03,000 ஆகிறது; அவர் 5,150 கட்டுகிறார். அடுத்த மாதம் பாக்கி சற்றுக் குறைந்திருப்பதால் கட்டவேண்டிய தொகையும் சற்றுக் குறைகிறது, அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் குறைகிறது. இப்படி ஒரு தவணையும் தவறாமல் 30 மாதங்கள் கட்டிய பிறகும் ஏறக்குறைய 52,100 பாக்கி நிற்கும். அதே கடனை, அதே வட்டியில் வாங்கிய இன்னொருவர், முதல் மாதம் கட்டிய 5,150-ஐ எந்த மாதமும் குறைக்காமல் கட்டி வந்தால் அந்த 30-ஆவது மாதத்தில் அவருடைய கடன் முழுவதும் தீர்ந்துவிடும்.

இருவரும் முதல் மாதம் கட்டியது ஒரே தொகைதான். இரண்டாமவர் கூடுதலாகச் சம்பாதிக்கவில்லை, பெரிய தியாகம் எதையும் புதிதாகச் செய்யவுமில்லை. தொடங்கிய தொகையைக் குறைக்க மறுத்தார், அவ்வளவுதான். கடனை அடைப்பதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்த முக்கியமான செய்தி இதுவே. வரவு செலவுக் கணக்கு எழுதுவதும் சிக்கனமாகச் செலவழிப்பதும் இந்த ஒரு தொகையைக் கண்டுபிடிப்பதற்கும், கண்டுபிடித்த பின் அதை மாதாமாதம் காப்பாற்றுவதற்கும் உரிய கருவிகள். இதைப் புரிந்துகொள்ளாமல் பல ஆண்டுகள் குறைந்தபட்சத் தொகையை மட்டும் ஒழுங்காகக் கட்டிவிட்டு, கடமையைச் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவன் நான் என்பதால், இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் எல்லாக் கடன்களையும் ஒரே தாளில்

கடன் உள்ளவர்களில் பலருக்குத் தம் மொத்தக் கடன் எவ்வளவு என்பது தெரியாது. கூட்டிப் பார்க்கவே அஞ்சுவதுதான் அதற்குக் காரணம், இது இயல்பானதும்கூட. ஆனால் அந்த அச்சம் கூட்டிப் பார்த்த அன்றே பாதி குறைந்துவிடும். ஒரு தாளை எடுத்து, கடன் அட்டை, வங்கிக் கடன், அடகு வைத்து வாங்கியது, தவணையில் வாங்கிய பொருள், நண்பரிடமும் உறவினரிடமும் பெற்ற கைமாற்று என எதையும் விடாமல், ஒவ்வொன்றுக்கும் இன்றைய பாக்கி, வட்டி வீதம், மாதம் கட்டவேண்டிய தொகை, கட்டவேண்டிய நாள், தவறினால் விதிக்கப்படும் அபராதம் ஆகியவற்றை எழுதுங்கள். முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் கடன் ஒப்பந்தத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வட்டி வீதத்தை எழுதும்போது மட்டும் சற்று நிதானம் தேவை, ஏனெனில் வட்டி பல வேடங்களில் வரும். மாதம் 3 விழுக்காடு என்பதைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுக்கு 36 என்று நினைத்துக்கொள்கிறோம். கட்டாமல் விட்டால் வட்டிக்கு வட்டி சேர்ந்து அது ஆண்டுக்கு 42.6 விழுக்காடு ஆகிறது. இதைவிட ஏமாற்றக்கூடியது ஃபிளாட் வட்டி எனப்படும் கணக்கு. 12,000 கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு ஃபிளாட் வட்டி என்றால் வட்டி 1,440, மாதத் தவணை 1,120. கேட்பதற்கு மலிவாகத் தோன்றும் இந்தக் கடனில், மாதந்தோறும் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, ஆண்டு முழுவதும் 12,000-ஐயும் கையில் வைத்திருந்ததுபோல் வட்டி கட்டுகிறீர்கள். குறைந்து வரும் அசலின் மீது கணக்கிட்டுப் பார்த்தால் இதன் உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 21.5 விழுக்காடு. ஆகவே கடன்களை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் குறையும் அசல் மீதான வீதத்துக்கு மாற்றிக்கொண்டு ஒப்பிட வேண்டும். கடன் கொடுத்தவரிடமே அந்த வீதத்தைக் கேட்பது உங்கள் உரிமை.

மாதக் கணக்கை வாரத்துக்குக் கொண்டுவருதல்

அடுத்ததாக, கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையையும் கடன் அட்டை அறிக்கையையும் எடுத்து, உண்மையில் எங்கே பணம் போனது என்று பாருங்கள். இனிமேல் எப்படிச் செலவழிக்கப் போகிறோம் என்று ஆசையாக ஒரு பட்டியல் போடுவதற்கு முன்னால் இது நடக்க வேண்டும், ஏனெனில் ஆசைப்பட்டியல் பத்து நாளில் உடைந்துவிடும். நடந்த செலவிலிருந்து போட்ட பட்டியல் நிற்கும். கையில் ரொக்கமாகப் போகும் பணத்துக்கு அறிக்கை இருக்காது என்பதால், ஒரு மாதமாவது செலவழித்த உடனே குறித்து வைக்க வேண்டும். இரவில் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதினால் சிறிய செலவுகள் விடுபட்டுப் போகும், அவற்றைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

குடும்பக் கணக்குகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தவறுகின்றன. முதலாவது, ஆண்டுக்கு ஒருமுறை இருமுறை வரும் செலவுகள். காப்பீட்டுப் பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டி பழுது, விழாக்கள், பல் மருத்துவம் போன்றவற்றை எதிர்பாராத செலவு என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொரு முறையும் புதுக்கடன் வாங்குகிறோம். அவை எதிர்பாராதவை அல்ல, மாதக் கணக்கில் எழுதப்படாதவை. கடந்த 12 மாதங்களில் இப்படிப் போனதைக் கூட்டி 12-ஆல் வகுங்கள். ஆண்டுக்கு 36,000 என்றால் மாதம் 3,000 உங்கள் வருமானத்திலிருந்து ஏற்கெனவே போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். அதைத் தனிக் கணக்கில் ஒதுக்காமல் கடனுக்குக் கட்டினால், சில மாதங்களில் அதே தொகையைக் கூடுதல் வட்டிக்குத் திரும்ப வாங்க நேரும்.

இரண்டாவது, மாதத்துக்கு நான்கு வாரம் என்ற எண்ணம். அன்றாடச் செலவுக்கு மாதம் 13,000 ஒதுக்கிய ஒருவர் அதை நான்காகப் பிரித்து வாரம் 3,250 செலவழிப்பார். மாதக் கடைசியில் மிஞ்சி நிற்கும் இரண்டு மூன்று நாட்களுக்குப் பணம் இருக்காது, கடன் அட்டை வெளியே வரும். 13,000-ஐ 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுத்தால் வாரத்துக்கு 3,000 என்று சரியாக வரும். இந்த 250 வேறுபாட்டைக் கவனிக்காததாலேயே ஒவ்வொரு மாதமும் கடைசி நாட்களில் தடுமாறிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அன்றாடச் செலவை மாதமாக அல்லாமல் வாரமாக நடத்துவதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரமே புதிதாகத் தொடங்கலாம்; மாதத்தின் பத்தாம் நாளே கணக்கு உடைந்துவிட்டது என்று மீதி இருபது நாளையும் கைவிட வேண்டியதில்லை.

வருமானத்திலிருந்து வாடகை, மின்சாரம், மருந்து, போக்குவரத்து போன்ற தவிர்க்க முடியாதவற்றையும், மேலே சொன்ன ஆண்டுச் செலவின் மாதப் பங்கையும், வாரச் செலவையும் கழித்தபின் மிஞ்சுவதே கடனுக்கான தொகை. அது எல்லாக் கடன்களின் குறைந்தபட்சத் தொகைகளையும் சேர்த்ததைவிடச் சிறிதளவேனும் கூடுதலாக இருக்க வேண்டும். சம்பளம் வந்த நாளிலேயே அதைக் கட்டிவிடும்படி வங்கிக்குத் தானியங்கி உத்தரவு கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கட்டுவோம் என்பவருக்கு மிஞ்சுவதில்லை. மேலும் பல கடன் அட்டைகளில் வட்டி நாளுக்கு நாள் பாக்கியின் மீது கணக்கிடப்படுவதால், கடைசித் தேதிக்குக் காத்திராமல் சில நாட்கள் முன்பே கட்டுவது வட்டியையும் கொஞ்சம் குறைக்கும்.

சிக்கனம் எங்கே பலிக்கிறது

முதல் எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். 5,150 கட்டி 30 மாதத்தில் கடனை முடிப்பவர் மொத்தம் ஏறக்குறைய 52,200 வட்டி கட்டுகிறார். அவர் அன்றாடச் செலவில் 1,000 மிச்சப்படுத்தி மாதம் 6,150 கட்டினால் 23 மாதங்களில் கடன் முடிகிறது. வட்டி சுமார் 39,200 மட்டுமே. ஏழு மாதங்களும் 13,000 வட்டியும் மிச்சம். வாரத்துக்குச் சுமார் 230 குறைத்துச் செலவழித்ததன் பலன் இது. அந்த மிச்சம் அன்றே கடனுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும் என்பதை மறக்கக் கூடாது. சேமித்த 230 கணக்கிலேயே கிடந்தால் வேறு ஏதோ ஒன்றாகச் செலவாகிவிடும். ஒரு செலவைத் தவிர்த்த உடனே, அதே தொகையைக் கைப்பேசியிலிருந்து கடன் கணக்குக்கு மாற்றிவிடும் பழக்கம் எனக்கு மிகவும் உதவியது. சிறிய தொகைகளைப் பகுதி பகுதியாகக் கட்ட அனுமதிக்காத கடனாக இருந்தால், அவற்றைத் தனியாகச் சேர்த்து வைத்துத் தவணை நாளில் சேர்த்துக் கட்டலாம்.

எங்கே குறைப்பது என்ற கேள்விக்கு ஒருமுறை முடிவெடுத்தால் மாதாமாதம் தானாகவே மிச்சமாகும் செலவுகளிலிருந்து தொடங்குங்கள் என்பது என் அனுபவம். பயன்படுத்தாத சந்தாக்கள், தேவைக்கு மிஞ்சிய இணையத் திட்டம், தானாகவே புதுப்பிக்கப்படும் உறுப்பினர் கட்டணங்கள், ஒரே ஆபத்துக்கு இரண்டு காப்பீடு ஆகியவற்றை ஒரு மாலைப்பொழுதில் உட்கார்ந்து நிறுத்திவிடலாம், அதன்பின் மனவுறுதி எதுவும் தேவைப்படாது. தினமும் மனத்தை அடக்கித் தவிர்க்கவேண்டிய சிறிய இன்பங்களில் கைவைப்பது கடைசியாக இருக்கட்டும். ஏதாவது ஓர் இன்பத்தைக் கணக்கில் எழுதியே வைத்துக்கொள்வது நல்லது; எல்லாவற்றையும் துறந்த கணக்கு இரண்டு மாதம்கூடத் தாங்குவதில்லை.

வீட்டுச் சாமான் வாங்குவதில் விலையைப் பார்ப்பதைவிட அலகு விலையைப் பாருங்கள், அதாவது விலையை எடையால் அல்லது அளவால் வகுத்துப் பாருங்கள். பெரிய பொட்டலம் மலிவு என்பதும் எப்போதும் உண்மையல்ல: அலகுக்கு 20 விழுக்காடு மலிவாகக் கிடைத்த பொருளில் கால் பங்கு கெட்டுப் போய்க் குப்பைக்குச் சென்றால், பயன்பட்ட பகுதிக்கு நீங்கள் சிறிய பொட்டலத்தைவிட அதிகமாகவே கொடுத்திருக்கிறீர்கள். ஆகையால் வாங்குவதற்கு முன் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து, இருப்பதை வைத்து அந்த வாரச் சமையலைத் திட்டமிட்டு, குறைவதை மட்டும் எழுதிக்கொண்டு போவதே உணவுச் செலவைக் குறைக்க மிகவும் பயன்படும் முறை. உணவு தவிர்ந்த பொருள்களில், வாங்க நினைத்ததை எழுதி வைத்து சில வாரங்கள் காத்திருங்கள். அதற்குப் பிறகும் தேவை என்று தோன்றுபவை சிலவே இருக்கும், அவற்றை மனச் சங்கடமின்றி வாங்கலாம்.

கடன் அட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாதப் பாக்கியை முழுதும் கட்டுபவருக்கு வட்டியில்லாத நாட்கள் கிடைக்கின்றன. ஆனால் பாக்கி வைப்பவருக்குப் பெரும்பாலான அட்டைகளில் அந்தச் சலுகை போய்விடுகிறது, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குகிறது. அதாவது பாக்கி உள்ள அட்டையில் வாங்கிய இந்த வாரக் காய்கறிக்கும் நீங்கள் வட்டி கட்டுகிறீர்கள். எனவே கடன் தீரும்வரை அன்றாடச் செலவு முழுவதையும் அந்த அட்டையிலிருந்து விலக்கி, ரொக்கத்துக்கோ கணக்கிலுள்ள பணத்திலிருந்து நேரே கழியும் டெபிட் அட்டைக்கோ மாற்றுங்கள். இணையக் கடைகளிலும் கைப்பேசிச் செயலிகளிலும் சேமித்து வைத்திருக்கும் அட்டை எண்ணை அழிப்பதும் இதில் அடங்கும்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது

எல்லாக் கடன்களுக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிய பின் மிஞ்சும் கூடுதல் தொகையைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்காமல் ஒரே கடனில் குவிக்க வேண்டும். கணக்கின்படி, வட்டி அதிகமுள்ள கடனில் குவிப்பதே மிகக் குறைந்த மொத்த வட்டியில் முடியும். பாக்கி மிகச் சிறியதாக உள்ள கடனை முதலில் முடிப்பது மனத்துக்குத் தெம்பு தரும். ஒரு கணக்கை முற்றிலும் மூடிப் பார்த்தவர்கள் விட்டுவிடாமல் தொடர்கிறார்கள் என்பதை நானும் கண்டிருக்கிறேன். என் கருத்து இதுதான்: இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடக்கூடிய சிறிய கடன் ஒன்று இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, பிறகு வட்டி வரிசைப்படி செல்லுங்கள். எந்த வரிசையானாலும், ஒரு கடன் முடிந்ததும் அதற்குக் கட்டிவந்த முழுத் தொகையும் அடுத்த மாதமே அடுத்த கடனுக்குச் செல்ல வேண்டும். 1,000, 1,500, 2,500 என மூன்று கடன்களுக்குக் கட்டுபவர், முதல் கடன் முடிந்தபின்னும் மாதம் 5,000-ஐயே கட்டிக்கொண்டிருக்க வேண்டும். முடிந்த கடனின் தவணையை வீட்டுச் செலவோடு சேர்த்துவிடுவதுதான் பலருடைய முயற்சி பாதியில் நிற்பதற்குக் காரணம்.

தவணை ஏற்கெனவே தவறிவிட்டதென்றால் வரிசை மாறும். இருக்கும் வீடு போய்விடக்கூடியது, மின்சாரம் துண்டிக்கப்படக்கூடியது, வேலைக்குச் செல்லும் வண்டி பறிபோகக்கூடியது என்னும் நிலுவைகள், வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும், முதலில் வருகின்றன. உறவினரிடம் வாங்கிய கைமாற்றுக்கு வட்டி இல்லை என்பதற்காக அதை மறந்தவர்போல் இருக்கக் கூடாது; மாதம் இவ்வளவு, இந்த மாதத்தில் முடியும் என்று எழுதிக் கொடுத்து அதன்படி நடப்பது அவருக்கும் உங்களுக்கும் மரியாதை.

சேமிப்பில் பணம் வைத்துக்கொண்டு கடனுக்கு வட்டி கட்டுவது பலர் கவனிக்காத இழப்பு. மாதம் அரை விழுக்காடு ஈட்டும் கணக்கில் 30,000 வைத்திருந்தால் 150 வருகிறது. அதே அளவு கடனுக்கு 3 விழுக்காட்டில் 900 போகிறது. ஆனாலும் சேமிப்பு முழுவதையும் துடைத்துக் கடனில் போட்டுவிட வேண்டாம். ஒரு மாத அடிப்படைச் செலவுக்கு நெருக்கமான தொகையையாவது கையில் வைத்துக்கொண்டு மீதியைக் கட்டுங்கள். உடல்நலக் குறைவோ வேலையில் தடையோ வரும்போது மறுபடியும் அதிக வட்டிக்குக் கை நீட்டாமலிருக்க அந்தச் சிறு இருப்பு வேண்டும்.

கடன்களை ஒன்றாக்கும் யோசனை

பல கடன்களைக் குறைந்த வட்டிக் கடன் ஒன்றாக மாற்றித் தருகிறோம், மாதத் தவணை பாதியாகிவிடும் என்று யாராவது சொன்னால், தவணை ஏன் பாதியாகிறது என்று கேளுங்கள். 1,00,000 கடனை மாதம் 3 விழுக்காட்டிலிருந்து 1.5 விழுக்காட்டுக்கு மாற்றி, 60 மாதங்களுக்கு நீட்டினால் தவணை சுமார் 2,540 ஆகிறது. மொத்த வட்டியைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 52,400 வருகிறது. பழைய 3 விழுக்காட்டு வட்டியில் 5,150 கட்டி 30 மாதத்தில் முடிப்பவர் கட்டுவதும் கிட்டத்தட்ட அதுவேதான். வட்டி பாதியானதன் பலன் முழுவதையும் நீண்ட காலம் தின்றுவிட்டது. அதே 1.5 விழுக்காட்டுக் கடனை வாங்கிவிட்டு, பழைய 5,150-ஐயே தொடர்ந்து கட்டினால் 24-ஆவது மாதத்தில் சிறிய கடைசித் தவணையோடு கடன் முடிகிறது, வட்டி சுமார் 19,100 மட்டுமே. ஆகவே வட்டி உண்மையிலேயே குறைந்தால் கடனை மாற்றுவது நல்லதுதான். செயலாக்கக் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள், கூடுதலாகக் கட்டினால் அபராதம் இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், கட்டும் தொகையைக் குறைக்காதீர்கள். மாற்றியதால் காலியான பழைய அட்டையின் வரம்பைக் குறைத்துவிடுவதும் அவசியம், ஏனெனில் காலியான அட்டை மறுபடி நிரம்பினால் ஒரு கடன் இரண்டாகிவிடும்.

கட்ட முடியாத மாதம்

வருமானம் குறைந்து, அடுத்த தவணையைக் கட்ட முடியாது என்று தெரிந்தால், தவணை நாள் வருமுன்பே கடன் கொடுத்தவரிடம் பேசுங்கள். தவறுவதற்கு முன் கேட்பவருக்குத் தவணைத் தேதியை மாற்றுதல், சில மாதம் வட்டியை மட்டும் கட்டுதல், காலத்தை நீட்டித்தல் போன்ற வழிகள் கிடைக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு கட்ட முடியும் என்பதை உங்கள் வாரக் கணக்கைப் பார்த்து நிதானமாகச் சொல்லுங்கள். பயத்தில் முடியாத தொகைக்கு ஒப்புக்கொண்டு அதிலும் தவறுவது நிலைமையை மோசமாக்கும். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கடனைக் கட்ட அதைவிட அதிக வட்டிக்கு இன்னொன்றை வாங்குவதை மட்டும் எந்த நெருக்கடியிலும் செய்ய வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் இருப்பவர்களிடம் மறைக்கவும் வேண்டாம். கடன் இருப்பது தெரியாத குடும்பத்தால் செலவைக் குறைக்க முடியாது. தெரிந்துவிட்டால், குழந்தைகள்கூட வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துழைப்பார்கள்.

ஒவ்வொரு மாதமும் தவணை கட்டிய நாளில் அந்த முதல் தாளை எடுத்து, பழைய பாக்கியை அடித்துவிட்டுப் புதிய பாக்கியை எழுதுங்கள். முதல் சில மாதங்களில் எண் மெதுவாகவே நகரும், ஏனெனில் கட்டுவதில் பெரும்பங்கு வட்டிக்குப் போகிறது: 5,150-இல் முதல் மாதம் அசலில் குறைந்தது 2,150 மட்டுமே. அசல் குறையக் குறைய அந்தப் பங்கு தானே வளரும். ஒரு கடன் முடிந்ததும் பாக்கி இல்லை என்னும் சான்றிதழை எழுத்தில் பெற்று, அடகாகக் கொடுத்த பொருளையும் ஆவணங்களையும் திரும்ப வாங்கி, சில வாரங்கள் கழித்துக் கடன் வரலாற்று அறிக்கையில் அது முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசிக் கடனும் முடிந்த மாதத்தில் வங்கிக்குக் கொடுத்த தானியங்கி உத்தரவை நீக்கிவிடாமல், தொகையையும் நாளையும் அப்படியே வைத்து, பணம் போய்ச் சேரவேண்டிய கணக்கை மட்டும் உங்கள் சொந்தச் சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.